துன் முத்தாஹிர் கவிழ்ந்தது யாரால்? மகள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை

செந்தூல் அப்பா:

வணக்கம் எல்லாருக்கும். மகள் படிவம் இரண்டில் படிக்கிறாள். போன வாரம் சரித்திர வகுப்பில் மலாக்கா சுல்தான்கள் பாடம் ஓடியிருக்கிறது. ஆசிரியர் நல்ல மனிதர், பாடப்புத்தகத்தோடு நிற்காமல் கதையும் சொல்வார், அன்றைக்கு துன் முத்தாஹிர் என்ற பெண்டாஹாரா, அதாவது தலைமை மந்திரி, எப்படிக் கொல்லப்பட்டார் என்று சொல்லியிருக்கிறார். கோள் மூட்டியது கித்துல் என்று ஒருவன், பணத்தைக் கொட்டியது ராஜா மெண்டெலியார் என்ற வியாபாரி. அந்தப் பெயரைக் கேட்டதும் பின்மேசைப் பையன் இவள் தோளைத் தட்டி "உங்க ஆளா?" என்று கேட்டானாம். கேலிதான், சண்டை எதுவும் இல்லை, இவளும் சிரித்திருக்கிறாள். ஆனால் அன்று மாலை நான் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் வாசலில் நின்று கேட்டாள்: "அப்பா, மெண்டெலியார்னா முதலியாரா?"

எனக்குத் தெரியவில்லை. நான் எஸ்பிஎம், பள்ளி இறுதித் தேர்வு, எழுதிய காலத்தில் மலாக்கா என்றால் பரமேஸ்வரா, ஹாங் துவா, 1511, அவ்வளவுதான். "சி கித்துல்" என்ற பெயர் மட்டும் நன்றாகத் தெரியும், தேர்தல் வந்தால் ஃபேஸ்புக்கில் ஒருவரை ஒருவர் அப்படித்தான் திட்டிக்கொள்வார்கள், கட்சி தாவினவன் கித்துல், அவனுக்குக் காசு கொடுத்தவன் மெண்டெலியார். அது ஒரு தமிழ்ப் பெயராக இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை.

நான் கேட்பது இது. அந்த மந்திரி சுல்தானுக்கு அவ்வளவு வேண்டியவராக இருந்தார் என்றால், ஒரு வியாபாரி கிளப்பிவிட்ட பேச்சைக் கேட்டு அவரைக் குடும்பத்தோடு கொன்றுவிடுவார்களா? உண்மையில் என்னதான் நடந்தது? அப்புறம், நம் ஆள்தான் காரணம் என்றால் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இணைப்பு மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், கூகுளில் தேடிக் குழம்பிப்போய்த்தான் இங்கே வந்திருக்கிறேன்.

ஆயர் ஈத்தாம் வாத்தியார்:

தம்பி, பிள்ளையிடம் "ஆமாம், முதலியார்தான்" என்றே சொல்லுங்கள். மலாய் வாயில் மெண்டெலியார் ஆகியிருக்கிறது. பினாங்கில் முப்பது வருஷம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன் நான், இந்தக் கேலி எனக்குப் பழக்கம். ஆனால் அந்தப் பையனிடம் உங்கள் மகள் திருப்பிக் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: செத்தவர் யாருடைய ஆள்?

துன் முத்தாஹிரின் தாத்தா மணி புரிந்தான் என்பவர். "பெனுவா கெலிங்"கிலிருந்து கப்பலேறி வந்தவர் என்கிறது செஜாரா மெலாயு, மலாக்கா சுல்தான்களின் கதையைச் சொல்லும் பழைய மலாய் நூல். அன்றைக்கு மலாய்க்காரர்கள் நம் பக்கத்துக் கரைக்கு வைத்திருந்த பெயர் அது, கலிங்கம் என்பதிலிருந்து வந்தது, வசைச்சொல்லாகப் போனது பிற்பாடு. மணி புரிந்தான் மலாக்காவில் பெரிய இடத்தில் பெண் எடுத்தார். அவருடைய மகள் சுல்தான் முகமது ஷாவுக்கு வாழ்க்கைப்பட்டாள், அவள் பெற்ற பிள்ளைதான் பிறகு சுல்தான் முஸபர் ஷா. மகன் துன் அலி பெண்டாஹாரா பதவி வரைக்கும் போனார். அந்தத் துன் அலியின் மகன் முத்தாஹிர். முத்தாஹிரின் சகோதரி துன் செனாஜா சுல்தான் அலாவுதீன் ரியாயத் ஷாவின் மனைவி, அவர்கள் பிள்ளை சுல்தான் மஹ்மூத் ஷா. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள், கொல்லச் சொன்ன சுல்தானுக்குக் கொல்லப்பட்டவர் தாய்மாமன்.

பெண்டாஹாரா என்ற சொல்லும் நமக்கு அந்நியமில்லை, நம் பண்டாரத்தோடு ஒட்டிய சொல்தான், பொக்கிஷம் என்ற பொருளில். ஆனால் மலாக்காவில் அது பொக்கிஷக்காரன் வேலையை எல்லாம் தாண்டி, சுல்தானுக்கு அடுத்த நாற்காலி. முன்பு பெண்டாஹாராவாக இருந்த துன் பேராக் 1498 வாக்கில் இறந்தார், அவருக்குப் பின் வந்த தம்பியும் சீக்கிரமே போய்விட்டார், 1500இல் முத்தாஹிர் உட்கார்ந்தார், பட்டம் ஸ்ரீ மகாராஜா. அதற்கு முன்பு தெமெங்கோங்காக இருந்தவர், ஊர்க்காவலும் துறைமுகமும் கைக்குள் இருந்த ஆள், யார் கப்பலில் எவ்வளவு சரக்கு என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

அவர் காலத்தில் ஊர் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு வரி உண்டு, வகுப்பில் நான் அதைச் சொல்லாமல் விட்டதே இல்லை. மலாக்காவுக்கு வருகிற கப்பல்கள் தங்கள் ஊரில் நங்கூரம் தூக்கும்போது இப்படி வேண்டிக்கொள்வார்களாம்: சுகமாக மலாக்கா போய்ச் சேர வேண்டும், பீசாங் ஜாரும் தின்ன வேண்டும், புக்கிட் சீனா தண்ணீர் குடிக்க வேண்டும், பெண்டாஹாரா ஸ்ரீ மகாராஜாவைப் பார்க்க வேண்டும். வாழைப்பழம், கிணற்றுத் தண்ணீர், மந்திரி. சுல்தான் பெயர் அந்த வேண்டுதலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மஹ்மூத் ஷா காதில் இது விழாமலா இருந்திருக்கும்?

மனிதருக்கு அலங்காரப் பித்தும் இருந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை உடை மாற்றுவார், ஆள் உயரத்துக்குக் கண்ணாடி வைத்திருந்தார், இந்தத் தலைப்பாகை இந்தச் சட்டைக்கு எடுக்குமா என்று மனைவியைக் கேட்பார். வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாடத் தங்கத்தை அள்ளிக் கொடுத்தார் என்றும் கதை இருக்கிறது. மகன் துன் ஹசான், அப்பா ஏறிப்போன பிறகு தெமெங்கோங் ஆனவர், கடைத்தெருவை நேராக்குகிறேன் என்று கயிறு பிடித்துக்கொண்டு கிளம்புவாராம், கயிறு சரியாகப் பணக்கார வியாபாரி வீட்டு நடுவில் போகும், வியாபாரி பணம் கொடுத்தால் கயிறு வளைந்துகொடுக்கும். நகராண்மைக் கழகத்துக்கு அலைந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

இனி அந்த இரவு. ராஜா மெண்டெலியார் ஷாபண்டார், அதாவது துறைமுக அதிகாரி, மலாக்காவிலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவர். நைனா சுரதேவனா வியாபாரிகளுக்குத் தலைவர். பெயரிலேயே தெரிகிறது, இவரும் நம் கரைதான். இரண்டு பேருக்கும் ஏதோ வழக்கு, பெண்டாஹாராவிடம் போனது, பொழுது போய்விட்டது நாளை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். இரவோடு இரவாக நைனா சுரதேவனா பத்துக் கட்டி தங்கத்தோடு திரும்பி வந்து கொடுத்தார், பெண்டாஹாரா, நீ கொடுக்கிறாய் நான் வாங்கிக்கொள்கிறேன் என்கிற மாதிரி சாதாரணமாக வாங்கிக்கொண்டார். பசாரில் இன்றைக்கும் கிழவிகள் மீனுக்குச் சொல்கிற அதே கட்டிதான், இன்றைய அளவில் 600 கிராம், பத்துக் கட்டி என்றால் ஆறு கிலோ.

நைனா சுரதேவனாவின் சொந்தக்காரன் கித்துல். அவன் மெண்டெலியாரிடம் ஒரு கட்டி தங்கம் கடன்பட்டிருந்தான். அன்று இரவே மெண்டெலியார் வீட்டுக்கு ஓடி, உன்னைக் கொல்லத்தான் அந்தத் தங்கம் கைமாறியது என்று சொன்னான். கடன் ரத்தானது. பயந்துபோன மெண்டெலியார் ஒரு பஹாரா (கட்டியைவிடப் பல மடங்கு பெரிய எடை) தங்கமும் நகையுமாக லக்சமணா கோஜா ஹசானிடம் போனார், பெண்டாஹாரா அரியணைக்கு ஆசைப்படுகிறார் என்றார். தங்கத்தைப் பார்த்ததும் லக்சமணா மயங்கினார், சுல்தானிடம் போய் அப்படியே ஒப்பித்தார். சுல்தான் கிரிஸ் என்ற குத்துவாளைக் கொடுத்து இரண்டு பிரபுக்களை அனுப்பினார். துன் ஹசானும் வீட்டு ஆட்களும் எதிர்த்து நிற்கப் பார்த்தார்கள், முத்தாஹிர்தான் தடுத்தார், ராஜாவுக்கு எதிராகக் கை ஓங்குவது மலாய்க்காரன் வழக்கமல்ல என்று சொல்லி. அவர், மகன் துன் ஹசான், சகோதரர் துன் தாஹிர், மகளின் கணவர் துன் அலி (இவர் வேறு துன் அலி) எல்லோரும் முடிந்தார்கள். 1510.

கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரே இரவில் கோள் கேட்டுக் கொல்வார்களா? மாட்டார்கள். அதே நூல் சில பக்கம் முன்னாடியே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. மகள் துன் ஃபாத்திமா பேரழகி, அவளைக் கட்டிக்கொடுக்கும் முன் சுல்தானிடம் காட்டுங்கள் என்று அரச குடும்பத்துப் பெரியவர் ஒருவரே எடுத்துச் சொல்லியும் முத்தாஹிர் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வந்த சுல்தான் பெண்ணைப் பார்த்தார், சாப்பிடாமல் எழுந்து போனார், அன்றிலிருந்து ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தார். கித்துல் கொண்டுவந்தது அந்தச் சாக்கு.

தேதாரிக் கொசோங்:

வாத்தியார் எழுதியது அருமை, ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. ராத்திரி ஒருவர் பத்துக் கட்டி கொடுத்தார், அதைப் பார்த்து இன்னொருவன் ஓடினான், அவன் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் பஹாரா கணக்கில் கொடுத்தார் என்று மூடின கதவுக்குப் பின்னால் நடந்ததை எல்லாம் கிராம் கணக்காக எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த நேரத்தில் யார் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்?

நூலை இப்போதிருக்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் துன் ஸ்ரீ லானாங், ஜோகூரின் பெண்டாஹாரா, 1612இல் உத்தரவு கிடைத்து எழுதியவர். அவர் எந்த வீட்டுப் பிள்ளை? முன்னுரையில் அவரே வம்சாவளி சொல்கிறார், துன் அலி வழியாக மணி புரிந்தான் வரை போகிறது. அதாவது இது செத்தவர் வீட்டுக்காரர் எழுதிய சாவுக்கதை. மருமகனான ராஜாவை நேராகக் குற்றம் சொல்ல முடியாது, ஏனென்றால் எழுதுகிறவர் சோறு தின்பது அதே பரம்பரை ராஜாவிடம். தாத்தாவையும் விட்டுக்கொடுக்க முடியாது. மிச்சம் இருப்பது வாரிசு இல்லாமல் போன ஒரு வியாபாரியும் ஒரு கடன்காரனும், பழியைத் தூக்கி அங்கே வைத்தால் கேட்க ஆள் இல்லை.

தண்டனையைப் பாருங்கள். சுல்தானுக்கு உண்மை தெரிந்து மனம் வருந்தினாராம். மெண்டெலியார் குடும்பத்தோடு காலி, கித்துல் கழுவேற்றப்பட்டான். லக்சமணா கோஜா ஹசான், நேரில் போய்ச் சொன்ன ஆள், லஞ்சம் வாங்கிய ஆள், அவருக்குப் பதவியும் சொத்தும் போனது, உயிர் போகவில்லை. உத்தரவு போட்டவருக்கு வருத்தம் மட்டும்தான். கீழே போகப் போகத் தண்டனை ஏறிக்கொண்டே போகிறது.

நான் நம் ஆளுக்கு வக்காலத்து வாங்கவில்லை. மெண்டெலியாரும் லேசுப்பட்டவராக இருந்திருக்க மாட்டார், துறைமுகத்தில் ஒருவர் சும்மா பணக்காரராகிவிட முடியாது.

பத்துகேவ்ஸ் ரைடர்:

அண்ணே ஒரு சின்னக் கேள்வி, லக்சமணா என்றால் ஹாங் துவா இல்லையா? அவர் இருக்கும்போது இப்படி நடந்ததா?

ஆயர் ஈத்தாம் வாத்தியார்:

லக்சமணா என்பது பதவியின் பெயர், கடற்படைத் தலைவர். நம் இராமாயணத்து இலட்சுமணன்தான் அங்கே பதவிப் பெயராகிவிட்டான். ஹாங் துவாவுக்குப் பிறகு அவருடைய மருமகன் கோஜா ஹசான் வந்தார் என்று நூல் சொல்கிறது.

கொசோங் சொன்ன வம்சாவளி சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்காரர் எழுதியதாலேயே முழுவதும் புனைவு என்று தள்ளிவிடக் கூடாது. வெறும் துதி பாடுவதாக இருந்திருந்தால் கயிறு வளைந்த கதையும் கண்ணாடிக் கதையும் பத்துக் கட்டி தங்கமும் அதில் வந்திருக்காது. குற்றச்சாட்டு உண்மையாக இருக்கலாமோ என்று படிக்கிறவன் யோசிக்கிற அளவுக்கு விட்டுவைத்திருக்கிறார். 1511இல் மலாக்காவைப் பிடித்த பிறகு எழுதிய போர்த்துகீசியர்களும் பெண்டாஹாராவைச் சுல்தான் கொன்றதைப் பதிவு செய்கிறார்கள், அரியணைக்கு ஆசைப்பட்டார் என்ற பேச்சு அவர்களிடமும் வருகிறது. ஆக, அப்படி ஒரு வதந்தி ஊரில் உலவியது நிச்சயம். கிளப்பியவர் ஒருவரா பலரா என்பதுதான் தெரியாத இடம்.

இதையும் சேர்த்துப் பாருங்கள், 1509இல் செக்குவேரா தலைமையில் முதல் போர்த்துகீசியக் கப்பல்கள் வந்தபோது அவர்களை வளைத்துப் பிடிக்கத் திட்டம் போட்டதாகச் சொல்லப்படுவது இதே பெண்டாஹாராதான். சிலர் பிடிபட்டார்கள், கப்பல்கள் தப்பின. திரும்பி வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதற்றத்தில் இருக்கும் ஒரு ஊரில், நாட்டை உண்மையில் நடத்துகிற ஆளைப் பிடித்து ஒரு நாளில் வெட்டிவிட்டார்கள்.

கம்போங் செட்டி பேத்தி:

நான் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறேன், அம்மா வழி மலாக்கா செட்டி, பழைய தமிழ் வியாபாரிகளின் வழிவந்தவர்கள், காஜா பெராங் பக்கம். பாட்டி வாய் திறந்தால் மலாய்தான், தமிழ் பேச வராது, கட்டுவது கெபாயா, ஆனால் பொங்கலும் விநாயகர் கோயிலும் விடமாட்டார், தாத்தா பெயர் பிள்ளை என்று முடியும். எங்களிடம் மெண்டெலியார் என்று யாராவது கேலி செய்தால் பாட்டி ஒரே வார்த்தைதான் சொல்வார், "பழைய பாக்கி". யாருக்கு யார் பாக்கி என்று கேட்டால் சிரிப்பார்.

இவ்வளவு பேர் எழுதியும் ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது, நீங்கள் எல்லோரும் ஆண்கள் என்பதாலோ என்னவோ. வாத்தியார் ஐயா போட்ட உறவுமுறையைத் தமிழில் இன்னும் ஒரு படி போட்டுப் பாருங்கள். முத்தாஹிர் சுல்தானுக்குத் தாய்மாமன். அப்படியென்றால் துன் ஃபாத்திமா யார்? மாமன் மகள். முறைப்பெண். மருமகன் ராஜாவாக உட்கார்ந்திருக்கும்போது மாமன் பெண்ணை வேறு வீட்டுக்குக் கொடுக்கிறார், காட்டக்கூட இல்லை. இது மலாய்ச் சட்டப்படி குற்றமா என்றால் இல்லை, அங்கே அப்படி உரிமை கிடையாது. ஆனால் தமிழ் வீட்டில் இந்தக் கதையைச் சொன்னால், சுல்தான் ஏன் சாப்பிடாமல் எழுந்தார் என்று யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். எங்கள் பாட்டிக்கு நான் சொன்னபோது அவர் கேட்டது, "மாமன் ஏன் அப்படிச் செய்தான்?" என்றுதான்.

நான் நினைப்பது, முத்தாஹிர் தெரிந்தேதான் செய்தார். அந்த வீடு இரண்டு தலைமுறையாக அரண்மனைக்குப் பெண் கொடுத்துத்தான் மேலே வந்தது, தாத்தா மகளைக் கொடுத்தார், அப்பா மகளைக் கொடுத்தார். இவர் மட்டும் கொடுக்க மறுத்தார். தனக்கு இனி அந்தக் கயிறு வேண்டாம், தன் சொந்தக் காலிலேயே நிற்கலாம் என்று நினைத்துவிட்டார் போல.

அப்புறம் ஃபாத்திமா. அப்பா, அண்ணன், சித்தப்பாவோ பெரியப்பாவோ, கட்டின புருஷன், எல்லோரையும் கொன்றவனே அவளைக் கல்யாணம் செய்துகொண்டான். அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் சிரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. அவள் பெற்ற மகன்தான் 1528இல் அப்பா இறந்த பிறகு ஜோகூரின் முதல் சுல்தான். கேலி செய்கிற பையனுக்கு இதைச் சொல்லச் சொல்லுங்கள், ஜோகூர் முதல் சுல்தானுக்கு அப்பா வழியிலும் அம்மா வழியிலும் மணி புரிந்தான் ரத்தம்.

தேதாரிக் கொசோங்:

முறைப்பெண் விஷயம் என் மண்டையில் ஏறவே இல்லை இத்தனை நாளாக. நன்றி அக்கா.

இன்னொன்று ஞாபகம் வருகிறது. மாமனைக் கொன்ற பிறகு சுல்தான் புதிய பெண்டாஹாராவாக யாரைப் போட்டார் தெரியுமா? துன் பேராக்கின் மகன், வயதானவர், நடக்க முடியாதவர், தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். என்னைப் போய் எதற்கு என்று அவரே கேட்டாராம். சுல்தானுக்கு அந்தத் தடவை எப்படிப்பட்ட ஆள் தேவை என்று இதிலேயே தெரிந்துவிடுகிறது.

பிரிக்பீல்ட்ஸ் நைட் ஷிஃப்ட்:

மலாக்காத் தமிழர் என்றால் மெண்டெலியார் ஒருவர்தான் என்பது போலப் பேசுகிறோமே, நைனா சத்துவை மறந்துவிட்டீர்கள். மகளுக்குச் சொல்ல இவர் கதைதான் இன்னும் பொருத்தம் என்பேன், ஏனென்றால் இவர் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர்.

1509இல் பிடிபட்ட போர்த்துகீசியர்களுக்குச் சிறையில் சாப்பாடும் உதவியும் செய்தவர் இந்த வியாபாரி. உள்ளே இருந்த ருய் தெ அராவ்ஜோ என்பவர் போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க்குக்கு எழுதிய கடிதத்தில் இவரைப் பற்றிச் சொல்கிறார். 1511 ஆகஸ்டில் ஊர் விழுந்ததும் அல்புகர்க் நன்றி மறக்கவில்லை, நைனா சத்துவைப் பெண்டாஹாரா ஆக்கினார், முஸ்லிம் அல்லாத மக்களுக்கெல்லாம் தலைவராக. இவரும் சும்மா இல்லை, போர்த்துகீசியர்களோடு பங்குபோட்டுக் கப்பல் விட்டார், 1513இல் ஜோர்ஜ் ஆல்வரெஸ் சீனாவுக்குப் போன பயணத்திலும் இவருடைய பணம் உண்டு. துரோகி என்று திட்டுகிறவர்கள் திட்டட்டும், அன்றைய வியாபாரிக்குத் துறைமுகம்தான் நாடு, அதை யார் ஆள்கிறார்கள் என்பது காற்று மாதிரி, வருஷத்துக்கு இரண்டு தடவை திசை மாறும்.

1514இல் போர்த்துகீசியர்களுக்கு வேறு கணக்கு வந்தது. சுமத்ராவில் இருக்கும் கம்பாரின் ராஜா அப்துல்லாவை இழுத்துக்கொண்டால் மலாய்க்காரர்கள் ஊருக்குத் திரும்புவார்கள் என்று நினைத்தார்கள், அவருக்குக் கொடுக்க ஒரு பதவி வேண்டும், நைனா சத்துவை எழுப்பிவிட்டார்கள். இவர் கெஞ்சவும் இல்லை, படை திரட்டவும் இல்லை. மேடை கட்டி, கம்பளம் விரித்து, சந்தனமும் அகிலும் அடுக்கித் தீ மூட்டச் சொல்லி, நல்ல உடை உடுத்தி, கூடி நின்ற ஜனங்களிடம் தான் செய்ததையும் தனக்குச் செய்ததையும் எடுத்துச் சொல்லிவிட்டு நெருப்பில் இறங்கினார். இதை எழுதி வைத்தவர்கள் போர்த்துகீசிய வரலாற்று ஆசிரியர்களே. ஒரு வார்த்தைகூட அவர்களுக்குச் சாதகமாக இல்லை, அதனால்தான் எனக்கு நம்பிக்கை.

அந்தக் கம்பார் ராஜா? அடுத்த வருஷமே, 1515இல், பழைய சுல்தானோடு ரகசியத் தொடர்பு வைத்திருக்கிறார் என்று ஒரு வதந்தி. போர்த்துகீசியர்கள் அவர் தலையை வெட்டினார்கள். 1510இலிருந்து எண்ணிப் பாருங்கள், ஆறு வருஷத்துக்குள் அதே பதவியில் மூன்று சாவு.

இப்போது இரவு மூன்று மணி, வேலை நடுவில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும்.

ஆயர் ஈத்தாம் வாத்தியார்:

நைட் ஷிஃப்ட் தம்பி, நன்றாகச் சொன்னீர்கள். வகுப்பில் நான் நைனா சத்துவைச் சொல்லும்போது பையன்கள் ஒரு நிமிஷம் சத்தமே போடமாட்டார்கள்.

ஒரு பெயரை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன், துன் ஹம்ஸா. அந்த 1510 வெட்டில் துன் தாஹிரின் மகன், கழுத்திலிருந்து கீழே வெட்டுப்பட்டுக் கிடந்தான். வம்சத்துக்கு விதையாக ஒருவனாவது இருக்கட்டும் என்று சுல்தான் நிறுத்தச் சொன்னதால் பிழைத்தான். வைத்தியம் பார்த்தார்கள். பிறகு அதே சுல்தானுக்கு அவனைப் போல வேண்டியவன் யாரும் இல்லை என்கிற அளவுக்கு ஆனான். ராஜாவுக்கு வேண்டியவர் என்று செந்தூல் தம்பி ஆரம்பத்தில் எழுதியிருந்தார் அல்லவா, அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு முத்தாஹிரைவிட இந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தான். கழுத்தில் தழும்போடு தினமும் அந்த முகத்துக்கு எதிரே எப்படி உட்கார்ந்தானோ.

செந்தூல் அப்பா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு முழுவதையும் படித்துக்காட்டினேன். மனைவி கம்போங் செட்டி பேத்தி எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். முறைப்பெண் என்றால் என்ன என்று மகள் கேட்க, அதை விளக்குவதற்குள் எங்கள் வீட்டில் வேறு பழைய கதைகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன, அதை இங்கே எழுத மாட்டேன்.

மகளுக்கு மெண்டெலியார் மேல் இப்போது கோபம் இல்லை, அவர் பயந்துபோய்ச் செய்தார் என்கிறாள். கித்துல் மேல்தான் கோபம், ஒரு கட்டிக்காக இத்தனை பேரா என்று. நைனா சத்து கதையில் அழுதுவிட்டாள். பையனிடம் என்ன சொல்லப்போகிறாய் என்றேன், "அவனுக்கு இதெல்லாம் சொன்னா தூங்கிடுவான்பா" என்றாள்.

சனிக்கிழமை மலாக்கா போகிறோம், தாசேக் செலாத்தானிலிருந்து பேருந்து. விநாயகர் கோயில், கம்போங் செட்டி, பிறகு புக்கிட் சீனா. அந்தக் கப்பல்காரர்கள் வேண்டிக்கொண்ட தண்ணீரைத் தானும் குடித்துப் பார்க்க வேண்டுமாம். பீசாங் ஜாரும் வேறு கேட்கிறாள், சௌ கிட் பசாரில் விசாரித்தேன், பழக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கம்போங் செட்டி பேத்தி:

கிணறு குன்றின் அடிவாரத்தில், சீனக் கோயிலை ஒட்டி இருக்கிறது அண்ணே. மேலே கம்பி வலை போட்டு மூடியிருப்பார்கள், காசு போடத்தான் முடியும், குடிக்க முடியாது. விநாயகர் கோயில் ஜாலான் துக்காங் ஏமாஸில், அதே வரிசையில் கம்போங் கிலிங் மசூதி, கொஞ்சம் தள்ளி இன்னொரு சீனக் கோயில், மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானத்துக்கு மேல் வெயிலும் கூட்டமும் தாங்காது. கம்போங் செட்டியில் யாராவது பாட்டி வாசலில் உட்கார்ந்திருந்தால் மலாயிலேயே பேசுங்கள், தமிழில் வணக்கம் சொன்னால் பாவம், பதில் சொல்லத் தெரியாமல் சங்கடப்படுவார்கள். மகளுக்கு மட்டும் கை நிறைய ஏதாவது தின்னக் கிடைக்கும், அது நிச்சயம்.